பஸ்ஸை விட்டு இறங்கியவன்

வெள்ளிக்கிழமை படம் வெளியானதிலிருந்து மதுரை ஒத்தக்கடையில் அந்த வீட்டுக்குள் இரண்டு கட்சிகள்.

நாவல் கட்சிக்குத் தலைவி சுபலட்சுமி. அம்மா அன்னக்கொடி எழுதிய ‘திரும்பி ஓடும் பஸ்’ நாவலை எந்தப் பக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். படக் கட்சிக்கு அவளுடைய அண்ணன் செல்வக்குமார். நாவலில் முதல் அத்தியாயத்தைத் தாண்டாதவன். ஆனால் அதை வைத்து எடுத்த ‘பஸ் நம்பர் பூஜ்யம்’ படத்தை முதல் நாளே பார்த்துவிட்டு, மறுநாள் கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டு போனவன். நீங்கள் எந்தக் கட்சி என்று அப்பா காசிமாயனைக் கேட்டால், “சோறு போடுற கட்சி” என்பார்.

எழுதியவள் மட்டும் எதிலும் சேரவில்லை. அன்னக்கொடி இன்னும் படத்தையே பார்க்கவில்லை.

நாவலின் கதை அந்தத் தெருவுக்கே தெரியும். பேச்சி ஒரு பஸ் கண்டக்டர். யானைமலைப் பக்கம் ஒருநாள் பிரேக் பிடிக்காமல் ஓடிய அவளுடைய பஸ், போய் நின்ற இடம் நாயக்கர் காலம். குதிரை வீரர்கள் துரத்துகிறார்கள். கொள்ளையர்கள் டிக்கெட் எடுக்க மறுக்கிறார்கள். காலம் விட்டுக் காலம் தாவி, கடைசியில் பஸ் எழுமலை பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறது. அங்கே, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போன அவளுடைய தம்பி சின்னான், கையில் ஒரு பையோடு நின்றுகொண்டிருக்கிறான்.

அந்த நாவலில் காலப் பயணத்துக்கு ஒரே சட்டம்தான். எங்கேயும் போகலாம், நடந்ததை மாற்றக் கூடாது. அதனால் பேச்சி ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள். தம்பி பஸ் ஏறிப் போய்விடுகிறான். அவள் திரும்பி வந்து தன் பஸ்ஸுக்கு விசில் கொடுக்கிறாள். அத்தோடு நாவல் முடிகிறது.

படத்தில் அந்த முடிவை மாற்றிவிட்டார்கள் என்பதுதான் இப்போது சண்டை.

ஞாயிறு காலை கூட்ட ஏற்பாட்டுக்குக் கிளம்பும்போதே சுபலட்சுமி உத்தரவு போட்டாள்.

“நாலு மணிக்கு வாசகர் வட்டம். முன்னாடியே வந்துரும்மா. எல்லாரும் பேசி முடிச்சப்பறம் கடைசியா நீ பேசுற. சூரியபிரகாஷ் சார் வீடியோ எடுக்குறாரு. ‘என் கதை முடிவ மாத்துனது எனக்குச் சம்மதம் இல்ல’ன்னு சொல்லிரு. அது போதும்.”

“சரித்தா.”

“நம்ம வட்டத்து பேஸ்புக் பக்கத்துல ‘நாவலா, படமா’ன்னு கேட்டுப் போட்டிருக்கேன். காலையில இருந்து கமெண்டு கொட்டுது. எல்லாரும் உன் வார்த்தைக்குத்தான் காத்துட்டு இருக்காங்க.”

அவள் ஸ்கூட்டர் தெரு முனையைத் தாண்டியது. செல்வக்குமார் தட்டோடு அடுப்படிக்கு வந்தான்.

“ஏம்மா, பாக்காத படத்த எப்படித் திட்டுவ?”

அன்னக்கொடி தோசையைத் திருப்பிப் போட்டாள். “நீ என் நாவலப் படிக்காமயே போரடிக்குதுன்னு சொல்லல?”

“நான் சொன்னா இந்த வீட்டோட போச்சு. நீ சொன்னா ஊரு கேக்கும்ல.”

கல்லில் கிடந்த தோசை கருகியது.

“எங்கிட்டு ஓடுது?” என்றாள்.

“திருமங்கலத்துல காலையில ஒரு ஷோ இருக்கு. கூட்டத்துக்கு முன்னாடி வந்துரலாம்.”

“சுபா கேட்டா?”

“தையக்கடைக்குப் போயிருக்கன்னு நான் சொல்லிக்கிறேன்,” என்றார் காசிமாயன், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

“ஞாயித்துக்கிழம எந்தத் தையக்கடைங்க தொறந்திருக்கு?”

“அம்புட்டு தூரம் அவ யோசிக்க மாட்டா. நீ கெளம்பு.”

திருமங்கலத்தில்தான் செல்வக்குமாருக்குத் தண்ணி மோட்டார் ரிப்பேர் கடை. தினமும் போகிற ரிங் ரோடு. பின்னால் அம்மா உட்கார்ந்திருந்ததால் அன்றைக்கு மெதுவாக ஓட்டினான். சினிமாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் எத்தனை வருஷமாகிறது என்று யோசித்துப் பார்த்தான். கூட்டிக்கொண்டு போனதே இல்லை என்பது கப்பலூர் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

தியேட்டரில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. விளக்கு அணைந்தது.

முதல் அரை மணி நேரத்தில் அன்னக்கொடி நான்கு முறை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்புத்தான் காரணம். அவள் எழுதியது துருப்பிடித்த ஒரு டவுன் பஸ். படத்தில் வந்த பஸ்ஸுக்கு இறக்கை இருந்தது. நாவலில் பேச்சிக்கு முழங்கால் வலி. படத்தில் அவள் ஓடுகிற குதிரையிலிருந்து ஓடுகிற பஸ்ஸுக்குத் தாவினாள். நாயக்கர் காலத்துப் படைவீரன் ஒருவன் அவளைக் காதலித்தான். அரண்மனையில் ஒரு பாட்டு வேறு.

“இவன் யாரு?” என்று கிசுகிசுத்தாள்.

“ஹீரோ.”

“நான் எழுதலியே.”

“அதான் அவங்களே எழுதிக்கிட்டாங்க.”

ஆனால் பேச்சி டிக்கெட் புத்தகத்தை நீட்டி, கத்தியோடு நிற்கிற கொள்ளையனிடம் “சில்லறையா குடுங்க” என்று சொன்னபோது தியேட்டரே அதிர்ந்தது. அது அவள் எழுதிய வரி. இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர் அடுத்தவரிடம், “இது நாவல்லயும் உண்டுண்ணே, இதவிட நல்லா இருக்கும்” என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அந்த ஆளைத் திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை.

இடைவேளையில் போன் அடித்தது. சுபலட்சுமி.

“அம்மா, தையக்கடையிலயா இருக்க?”

“ஆமாத்தா.”

“தையக்கடையில யாரும்மா பாப்கார்ன் விக்கிறது?”

அன்னக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். “திருமங்கலத்துல தியேட்டர்ல இருக்கேன். அண்ணன்தான் கூட்டிட்டு வந்தான்.”

“பாரு. பாத்துட்டு வா,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

“திட்டிட்டாளா?” என்றான் செல்வக்குமார்.

“திட்டியிருந்தா நல்லாயிருக்கும்.”

படம் முடிகிற நேரம். பஸ் எழுமலையில் வந்து நின்றது. பின்னால் தென்னந்தோப்பு. எழுமலையில் இல்லாத கடற்காற்று பேச்சியின் முடியைப் பறக்கவிட்டது. அன்னக்கொடி அதையெல்லாம் கவனிக்கவில்லை. திரையில் அந்தப் பையன் நின்றான். மஞ்சள் பை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பஸ் கிளம்பியது. பேச்சி தூணை விட்டு வெளியே வந்தாள். ஓடினாள். படியில் தாவி ஏறி, அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து இறக்கினாள். பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போனது. புழுதி அடங்கியதும் அக்காவும் தம்பியும் நடுரோட்டில் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு, பிறகு சிரித்தார்கள்.

தியேட்டரில் விசில் பறந்தது. செல்வக்குமாரும் கைதட்டினான், மூன்றாவது முறையாக. பக்கத்தில் திரும்பியபோது அம்மாவின் முகம் முழுக்க ஈரம். வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

விளக்கு போட்டார்கள். ஆட்கள் எழுந்து போனார்கள். அவள் எழவில்லை.

“எறங்கிட்டான் பாத்தியா,” என்றாள். “எறங்கிப்புட்டான்.”

அப்போதுதான் செல்வக்குமாருக்கு உறைத்தது. அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார், பத்தொன்பது வயதில் எங்கேயோ போய்விட்டார், நல்லகாமன் என்று பெயர். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. சின்ன வயதில் ஒருமுறை கேட்டு, அப்பா கண்ணைக் காட்டியதால் வாயை மூடிக்கொண்டது நினைவிருக்கிறது.

“மாமாவத்தான் எழுதுனியாம்மா?”

அவள் தலையசைத்தாள்.

“இத நான் மூணு தடவ பாத்தேன். ஒரு தடவகூடத் தெரியலியே.”

“படத்துல அஞ்சு நிமிசந்தான வாரான். உனக்கு எப்படித் தெரியும்?”

“நாவலப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ல?”

“அது ஒனக்குத்தான் வெளிச்சம்,” என்று அவள் சிரித்தாள். தியேட்டர்க்காரர் வந்து துடைப்பத்தோடு நின்ற பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

வாசகர் வட்டம் கூடுவது ஒரு புத்தகக் கடையின் மாடியில். அன்னக்கொடி படியேறும்போது சுபலட்சுமி பாதிப் படியில் வழிமறித்து நின்றாள். மேலே ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

“புடிச்சிருச்சா?” என்றாள்.

“புடிச்சிருச்சு தாயி.”

“முடிவும்?”

“முடிவுதான் ரொம்பப் புடிச்சிச்சு.”

போன வருஷம் சுபலட்சுமிக்கு நிச்சயம் செய்த கல்யாணம், பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டில் போய்ப் பேசு, காலில் விழு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் எங்கேயும் போகவில்லை. அறைக்குள் கிடந்தவள் பத்து நாள் கழித்துக் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

“அப்ப நான் எதப் படிச்சு எந்திரிச்சேன்னு நெனைக்கிற?” என்றாள் இப்போது. “பேச்சி தூணுக்குப் பின்னால நிக்கிறா. போறவன் போகட்டும்னு விடுறா. திரும்பி வந்து விசில் குடுக்குறா. அந்தப் பக்கத்தத்தாம்மா திரும்பத் திரும்பப் படிச்சேன். மாத்த முடியாததுன்னு ஒண்ணு உண்டு, அதுக்கப்பறமும் வண்டி எடுக்கலாம்னு நீதான எழுதுன. இப்ப நீயே அது தப்புன்னு சொன்னா, நான் எங்கிட்டுப் போக?”

அன்னக்கொடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“தப்புன்னு யாரு சொன்னா? அந்த முடிவ எழுத எனக்கு எம்புட்டு நாளாச்சு தெரியுமா? ஒவ்வொரு தடவையும் அவ ஓடிப்போய் அவன எறக்கிட்டதாத்தான் எழுதுவேன். மறுநாள் படிச்சா பொய்யா இருக்கும். கிழிச்சுப் போட்டுருவேன். கடைசியா ஒருநாள் அவள நிக்க வச்சேன். எழுதி முடிச்சதும் அழுத அழுகையில உங்கப்பா பயந்துபோய் டாக்டரக் கூப்பிடப் போயிட்டாரு. அது உண்ம தாயி. அத யாரும் உன்ட்ட இருந்து எடுக்க முடியாது.”

“அப்பறம் எதுக்கு அது புடிச்சிச்சு?”

“எனக்கும் ஆசை இருக்கும்ல.”

சுபலட்சுமி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

மாடியில் ஏற்கெனவே வாதம் சூடாகியிருந்தது. கல்லூரியில் தமிழ் நடத்துகிற சூரியபிரகாஷ், “காலம்னா என்னன்னு நாவல் கேக்குது. படம் அத ஒரு ஸ்டன்ட் சீனா ஆக்கிருச்சு,” என்று முடித்து உட்கார்ந்தார். கைதட்டல். 

துணிக்கடை வைத்திருக்கும் காளை எழுந்தார். “சார், நானும் நாவல்தான் ஒசத்திங்கிறேன். ஆனா எம் பொண்டாட்டி இதுவரைக்கும் ஒரு புஸ்தகம் தொட்டதில்ல. நேத்து படம் பாத்துட்டு வந்து, அந்தப் புஸ்தகம் எங்கனு கேட்டா. இப்ப என்ட்ட இல்ல, அவட்ட இருக்கு. பாதி வரைக்கும் படிச்சிட்டா. படத்துல வர்ற படைவீரன் எப்ப வருவான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. வரமாட்டான்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

மாடி முழுக்கச் சிரிப்பு. நர்ஸ் வேலை பார்க்கிற முனீஸ்வரி கை தூக்கினாள். “எழுமலையில எப்பங்க கடல் காத்து அடிச்சது? அதுக்கு மட்டும் இயக்குநர் பதில் சொல்லட்டும். மத்ததெல்லாம் மன்னிச்சிருவோம்.”

“பஸ்ஸுக்கு எறக்கையையுமா?” என்றார் சூரியபிரகாஷ்.

“எறக்கை இருந்தா நான் டூட்டிக்கு நேரத்துக்குப் போவேன் சார்.”

கடைசியில் அன்னக்கொடியின் முறை. சூரியபிரகாஷ் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். மைக் கரகரவென்றது. அவள் அதை ஒதுக்கி வைத்தாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவளுக்கு மைக் எதற்கு?

“இன்னைக்குக் காலையிலதான் படம் பாத்தேன்,” என்று ஆரம்பித்தாள். “படத்தத் திட்டணும்னுதான் இங்க பேச ஒத்துக்கிட்டேன். என்னால முடியல. அந்தத் தம்பி கற்பனை இல்லீங்க. எங்கூடப் பொறந்த தம்பி. எழுமலையில பஸ் ஏறிப் போனவன், இன்னும் வரல. நாவல்ல அவன நான் போக விட்டுட்டேன், ஏன்னா அதுதான் நடந்துச்சு. இன்னைக்குத் திருமங்கலத்துல அவன் பஸ்ஸ விட்டு எறங்குனான். அத எடுத்த பிள்ளைகளுக்கு அவன் யாருன்னே தெரியாது. தெரியாமயே எறக்கி விட்டுட்டாங்க. நான் என்னன்னு கோவிச்சுக்கிறது?”

அவள் மகளைப் பார்த்தாள்.

“நாவலோட முடிவு எம் மகளுக்கு வேணும். அது அவளுக்கே இருக்கட்டும். படத்தோட முடிவு எனக்கு வேணும். நாளைக்கும் போய்ப் பாப்பேன். இம்புட்டுத்தான்.”

முதலில் கைதட்டியது முனீஸ்வரி. பிறகு மாடியே தட்டியது. சூரியபிரகாஷ் செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சுபலட்சுமி எழுந்து அம்மாவிடம் வந்தாள். “நாளைக்கு ஏன்? ஆறரைக்கு ஒரு ஷோ இருக்கு. நானும் வாரேன். ஆனா புடிக்கலன்னா புடிக்கலன்னுதான் சொல்லுவேன்.”

“சொல்லு. எனக்கு அந்தப் பாட்டு புடிக்கவே இல்ல.”

டீ வந்தது. போண்டா வந்தது. காளை இரண்டு போண்டாவைப் பொண்டாட்டிக்கென்று காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டார். செல்வக்குமார் சுவரில் சாய்ந்து, தங்கச்சியின் போனில் வந்த கமெண்டுகளைச் சத்தமாகப் படித்தான்.

“‘நாவல் படிச்சப்ப பஸ் என் மண்டைக்குள்ள ஓடுச்சு, படத்துல என் மண்டை மேல ஓடிருச்சு.’ நல்லாயிருக்குல்ல? இன்னொருத்தர், ‘பேச்சிக்கு முழங்கால் வலியத் திருப்பிக் குடுங்க’ன்னு போட்டிருக்காரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் விரலால் தள்ளிக்கொண்டே போனான். ஓரிடத்தில் விரல் நின்றது.

“என்னண்ணே, அது நல்லா இல்லியா?” என்றாள் சுபலட்சுமி.

அவன் அம்மாவைப் பார்த்தான். போனைத் தங்கச்சியிடம் கொடுத்தான். “நீ படி. மெதுவாப் படி.”

அந்தக் கமெண்டை எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இந்தியில் ஏதோ இருந்தது. முகம் இருக்க வேண்டிய சின்னப் படத்தில் ஒரு முறுக்குக் கடை. கீழே தமிழ், தட்டுத் தடுமாறி எழுதியதுபோல.

சுபலட்சுமி படித்தாள்.

“‘புனேவில் படம் பார்த்தேன். நாவலும் படித்தேன். இரண்டும் நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டும் சரி இல்லை. நாவலில் அக்கா தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். படத்தில் பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். அப்படி இல்லை. அக்கா ஓடி வந்தாள். செருப்பு அறுந்து போச்சு. ஒரு செருப்போடு ரொம்ப தூரம் ஓடி வந்தாள். நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன்.’”

அன்னக்கொடியின் கையிலிருந்த டீ டம்ளரை முனீஸ்வரி சட்டென்று வாங்கிக்கொண்டாள்.

“அம்மா,” என்றான் செல்வக்குமார். “இது நாவல்ல இருக்கா? நான் படிக்கல.”

“இல்ல,” என்றாள் சுபலட்சுமி. “எங்கயும் இல்ல.”

“நான் யாருட்டயும் சொன்னதில்ல,” என்றாள் அன்னக்கொடி. குரல் மிகச் சிறியதாக வந்தது. “வெறுங்காலோட வீட்டுக்கு வந்து, செருப்பு தொலஞ்சு போச்சுன்னுதான் அன்னைக்குச் சொன்னேன்.”

சுபலட்சுமியின் கட்டைவிரல் போனின் மேல் நின்றது.

“என்னன்னு பதில் போடட்டும்மா?”

அன்னக்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாராவது விளையாடிப் பார்க்கிறார்களோ என்று ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும், கண் சுருங்கியது. பிறகு அந்தக் கண்ணிலேயே சிரிப்பு வந்தது.

“அறுந்தது எந்தக் காலு செருப்புன்னு கேளு,” என்றாள்.

சுபலட்சுமி தட்டினாள். அனுப்பினாள்.